மண்ணிலிருந்து மருந்தெடுத்த செல்மன் வாக்ஸ்மன்: காசநோயை வென்ற அறிவும் பங்கிடப்படாத புகழும்

காசநோய் என்ற சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்கிய காலமொன்று இருந்தது. சயரோகம் என்றும் எலும்புருக்கி நோய் என்றும் முன்னோர் அழைத்த அந்நோய் வீட்டில் ஒருவரைப் பீடித்துவிட்டால், அவருக்கெனத் தனிப் பாத்திரமும் தனிப் பாயும் ஒதுக்கப்படும். நல்ல உணவும் தூய காற்றும் ஓய்வுமே வைத்தியர்கள் வழங்கக்கூடிய சிகிச்சையாக இருந்தன. நவீன தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவரான புதுமைப்பித்தன் 1948 ஜூன் மாதத்திலும், பாகிஸ்தானின் ஸ்தாபகரான முகம்மது அலி ஜின்னா அதே ஆண்டு செப்டெம்பர் மாதத்திலும் இந்நோயினால் நலிவுற்று மறைந்தனர்.

அவர்களது மறைவுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரேயே, அமெரிக்காவின் விவசாயக் கல்லூரி ஒன்றின் மண் ஆய்வுகூடத்தில் காசநோய்ப் பற்றீரியாவை அழிக்கவல்ல முதலாவது பயனுள்ள நுண்ணுயிர்க்கொல்லி கண்டறியப்பட்டிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் எனப்படும் அம்மருந்தோடு உலகம் இணைத்துப் பேசும் பெயர் செல்மன் ஏப்ரஹாம் வாக்ஸ்மன். அவரது வாழ்க்கை ஒரு வெற்றியாளரின் வரலாறு மாத்திரமன்று. ஒரு மருந்து தனித்து நின்றால் ஏன் தோற்றுப்போகிறது என்பதையும், ஒரு கண்டுபிடிப்பின் புகழைத் தனியொருவர் எடுத்துக்கொண்டால் என்ன நேர்கிறது என்பதையும் அது ஒருசேர எடுத்துக்காட்டுகின்றது.

வாக்ஸ்மன் 1888 ஜூலை 22 ஆம் திகதி, அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த உக்ரெய்னின் நோவா பிரிலுக்கா என்ற சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். கரிய வளமான மண்ணுக்குப் பெயர்பெற்ற விவசாயப் பிரதேசம் அது. அவரது சிறுபராயத்திலேயே தங்கை தொண்டைக்கரப்பன் நோயினால் உயிரிழந்தாள். அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்து இருந்தது. ஆனால், தொலைதூர நகரத்திலிருந்து அது உரிய நேரத்தில் அந்தச் சிற்றூருக்கு வந்துசேரவில்லை. மருந்து இருந்தும் அது கைக்கெட்டாமற் போவதனால் ஏற்படும் இழப்பை அவர் இளமையிலேயே அறிந்துகொண்டார்.

பேரரசின் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருந்தன. 1909 இல் தாயாரும் காலமான பின்னர், ஊரில் தங்கியிருப்பதற்கான காரணம் எதுவும் அவருக்கு எஞ்சியிருக்கவில்லை. 1910 இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த அவர், நியூ ஜேர்சி மாநிலத்தில் உறவினர் ஒருவரின் பண்ணையில் வேலைசெய்தார். வைத்தியம் கற்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது. எனினும், ரட்கர்ஸ் கல்லூரியின் மண் பற்றீரியாவியல் அறிஞரும், தானும் ரஷ்யாவிலிருந்து புலம்பெயர்ந்தவருமான ஜேக்கப் லிப்மனின் ஆலோசனையை ஏற்று, 1911 இல் அங்கு விவசாயக் கல்வியைத் தொடங்கினார்.

1915 இல் பட்டம் பெற்ற வாக்ஸ்மன், 1916 இல் அமெரிக்கப் பிரஜாவுரிமை பெற்று, அவ்வாண்டிலேயே தமது ஊரைச் சேர்ந்த டெபோரா மிட்னிக் என்பவரைத் திருமணம் செய்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1918 இல் கலாநிதிப் பட்டம் பெற்றதும் மீண்டும் ரட்கர்ஸுக்கே திரும்பினார். அவரது ஆய்வு வாழ்க்கை முழுவதும் அக்கல்லூரியுடனேயே பிணைந்திருந்தது.

அவர் தெரிந்தெடுத்த ஆய்வுத்துறை அன்று எவரையும் கவர்ந்த ஒன்றன்று. மண்ணில் வாழும் அக்டினோமைசீட் என்னும் நுண்ணுயிர்களே அவரது நாட்டத்துக்குரியவையாக இருந்தன. இவை பற்றீரியா இனத்தைச் சேர்ந்தவையாயினும் பூஞ்சணத்தைப் போன்று நூல்நூலாகக் கிளைத்து வளர்பவை. மழை பெய்ததும் நிலத்திலிருந்து எழும் மண்வாசனைக்குக் காரணமானவையும் இவையே. பின்னாளில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தரவிருந்த இனத்தை அவர் 1916 இலேயே சக ஆய்வாளர் ஒருவருடன் இணைந்து விபரித்திருந்தார். அதற்குள் ஒரு மருந்து மறைந்திருக்கின்றது என்பது தெரியவருவதற்கு மேலும் 27 ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது.

இந்த ஆய்வை மருந்தை நோக்கித் திருப்பிய நிகழ்வு அவரது மாணவர் ஒருவரிடமிருந்தே வந்தது. பிரான்ஸிலிருந்து வந்து வாக்ஸ்மனிடம் பயின்ற ரெனே டூபோஸ், 1939 இல் நியூயோர்க்கின் ரொக்ஃபெல்லர் நிறுவகத்தில் மண் பற்றீரியா ஒன்றிலிருந்து டைரோத்ரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதிலடங்கிய கிராமிசிடின் பற்றீரியாவின் கலமென்சவ்வில் நுண்துவாரங்களை ஏற்படுத்தி, உள்ளேயிருக்கும் உப்புக்களைக் கசியச்செய்து அதனைக் கொன்றுவிடும். ஆனால், அதே மருந்து மனிதனின் செங்குருதிக் கலங்களின் மென்சவ்வையும் சிதைத்தது. எனவே, அதனைப் புண்களின் மேற்பூச்சாக அன்றி உடலினுள் செலுத்த முடியவில்லை.

இங்கு ஓர் அடிப்படை உண்மையை வாசகர்கள் விளங்கிக்கொள்வது அவசியமாகும். கலமென்சவ்வு என்பது உயிர்க்கலத்தைச் சூழ்ந்துள்ள மிக மெல்லிய கொழுப்புப் படலமாகும். உணவு உட்செல்வதும் கழிவு வெளியேறுவதும் அதனூடாகவே நிகழ்கின்றன. அத்தகைய மென்சவ்வு பற்றீரியாவுக்கும் உண்டு, மனிதக் கலத்துக்கும் உண்டு. ஆகவே, சவ்வைத் துளைக்கும் மருந்தொன்றைக் கண்டறிவது மாத்திரம் போதுமானதன்று. பகைவனை மாத்திரம் தாக்கி நோயாளியை விட்டுவிடும் மருந்தே தேவையானது.

டூபோஸின் வெற்றியால் உந்தப்பட்ட வாக்ஸ்மன், தமது ஆய்வுகூடத்தை முழுமையாக இத்தேடலில் ஈடுபடுத்தினார். மண் மாதிரிகளை நீரிற் கரைத்து, வளர்ப்புத் தட்டுக்களில் பரப்பி, அங்கு வளரும் நுண்ணுயிர்களுள் எது தன்னைச் சூழவுள்ள பற்றீரியாவை வளரவிடாது தடுக்கின்றது என்று மாணவர்கள் நாள்தோறும் தேடினர். 1940 இல் அக்டினோமைசின் கிடைத்தது. அது அளவுமீறிய நச்சுத்தன்மை கொண்டிருந்தது. 1942 இல் ஸ்ட்ரெப்டோத்ரிசின் கிடைத்தது. அதுவும் பரிசோதனை விலங்குகளின் சிறுநீரகங்களைப் பாதித்தது. நுண்ணுயிர்களிலிருந்து பெறப்பட்டு ஏனைய நுண்ணுயிர்களை அழிக்கும் பொருள்களைக் குறிப்பதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் அன்டிபயோடிக் என்ற சொல்லை இப்பொருளில் நிலைபெறச் செய்தவரும் வாக்ஸ்மனே ஆவார்.

1943 ஜூன் மாதத்தில், இராணுவச் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்ட அல்பேர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது ஆய்வு மாணவர் மீண்டும் ஆய்வுகூடத்துக்கு வந்தார். காசநோய்ப் பற்றீரியாவைக் கையாளும் ஆபத்தான பணியை அவர் விரும்பி ஏற்றார். நிலக்கீழ் அறையொன்றில் இரவுபகலாக உழைத்த ஷாட்ஸ், அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் புதிய மருந்தைத் தரும் இரண்டு வளர்ப்புக்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்று எருவிட்ட தோட்ட மண்ணிலிருந்தும் மற்றையது கோழியொன்றின் தொண்டையிலிருந்தும் பெறப்பட்டவை. ஷாட்ஸ், எலிசபெத் புகி, வாக்ஸ்மன் ஆகிய மூவரின் பெயரில் 1944 ஜனவரியில் அக்கண்டுபிடிப்பு வெளியிடப்பட்டது. கட்டுரையின் முதலாவது பெயர் ஷாட்ஸினுடையதாகும்.

மினசோட்டா மாநிலத்தின் மேயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபெல்ட்மன், கோர்வின் ஹின்ஷோ ஆகிய இருவரும் அம்மருந்தைக் காசநோய் தொற்றிய கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் பிழைத்தன. 1944 நவம்பரில் முற்றிய காசநோயினால் வருந்திய 21 வயதுப் பெண்ணொருவருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. அவர் குணமடைந்தார்.

காசநோய்ப் பற்றீரியாவை அதுவரை எம்மருந்தும் ஏன் அணுகவில்லை என்ற வினா இங்கு எழுவது இயல்பே. ஜேர்மனிய அறிஞர் ரொபர்ட் கொக் 1882 மார்ச் 24 ஆம் திகதி இக்கிருமியை உலகுக்கு அறிவித்தபோதே அதன் பிடிவாதத்தையும் கண்டிருந்தார். சாதாரண சாயங்கள் அதில் ஏறவில்லை. அக்கிருமியின் கலமென்சவ்வுக்கு வெளியே சர்க்கரைப் பொருள்களாலான கலச்சுவரும், அதற்கும் வெளியே மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகுபோன்ற தடித்த படையும் உள்ளன. சாயத்தைத் தடுத்த அந்த மெழுகே மருந்துகளையும் தடுக்கின்றது. பெனிசிலின் இக்கிருமியிடம் பலிக்காமற்போனதற்கு இவ்வரணும், பெனிசிலினைச் சிதைக்கும் நொதியமொன்றை அது சுரப்பதும் காரணங்களாகும்.

ஸ்ட்ரெப்டோமைசின் நீரிற் கரையக்கூடியது, நேர் மின்னேற்றம் உடையது. மெழுகுப் படையில் ஆங்காங்கே அமைந்துள்ள நீர் நிரம்பிய நுண்வழிகளூடாக அது உட்புகுகின்றது. அடுத்து வரும் தடை கலமென்சவ்வு. பற்றீரியா ஒக்சிசனைக் கொண்டு சுவாசிக்கும்போது, அச்சவ்வின் உட்புறம் எதிர் மின்னழுத்தம் உடையதாகின்றது. அம்மின்னழுத்தமே மருந்தை உள்ளே இழுக்கின்றது. உயிர்வாழ்வதற்காகக் கிருமி உருவாக்கும் சக்தியே அதன் அழிவுக்கும் வழிசெய்கின்றது என்று கூறலாம். ஒக்சிசன் அற்ற சூழலில் இம்மருந்து வலுவிழப்பதற்கும் இதுவே காரணமாகும்.

உட்புகுந்த மருந்து, புரதங்களைத் தயாரிக்கும் றைபோசோமைப் பற்றிக்கொள்கின்றது. இதனால் பற்றீரியா பிழையான புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகின்றது. ஸ்ட்ரெப்டோமைசின் கலமென்சவ்வைச் சிதைக்கின்றது என்பதை, இந்தியாவைச் சேர்ந்த நித்யா ஆனந்த் என்ற விஞ்ஞானியும் அமெரிக்கரான பேர்னார்ட் டேவிஸும் ஈ.கோலை என்ற குடற்பற்றீரியாவைக் கொண்டு 1960 இல் எடுத்துக்காட்டினர். றைபோசோமைத் தாக்கும் மருந்து சவ்வை எவ்வாறு பழுதாக்குகின்றது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பிழையாகத் தயாரிக்கப்பட்ட புரதங்கள் சவ்வில் சென்று பொருந்துவதால் அது ஒழுகத் தொடங்குகின்றது, அவ்வழியே மேலும் மருந்து பெருக்கெடுத்து நுழைகின்றது என்று டேவிஸ் 1980 களில் விளக்கமளித்தார்.

மென்சவ்வு தொடர்பான இதே இயல்பு மருந்தின் குறைகளையும் விளக்குகின்றது. குடலின் சவ்வை அது கடப்பதில்லை. ஆதலால் வில்லையாக அன்றி ஊசிமூலமே செலுத்த வேண்டியுள்ளது. நமது கலங்களின் சவ்வையும் அது எளிதிற் கடப்பதில்லை. எனவே, அவற்றினுள் ஒளிந்திருக்கும் கிருமிகளை அது போதியளவு சென்றடைவதில்லை. ஆனால், உட்காதின் நுண்ணிய கலங்கள் அதனை உள்வாங்கிக்கொள்கின்றன. நோயிலிருந்து மீண்ட பலர் செவிப்புலனையோ உடற்சமநிலையையோ இழந்தமை இம்மருந்தின் வரலாற்றில் மறைக்க முடியாத பக்கமாகும்.

இதனிலும் பாரிய ஏமாற்றம் பிரித்தானியாவில் வெளிப்பட்டது. அங்குள்ள மருத்துவ ஆய்வுப் பேரவை 1948 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 நோயாளிகளுள் ஆறு மாதங்களில் இறந்தோர் 4 பேர் மாத்திரமே. படுக்கை ஓய்வு மாத்திரம் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். நோயாளிகளை எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட அந்த ஆய்வு, இன்றைய மருத்துவப் பரிசோதனை முறைக்கே முன்மாதிரியாக அமைந்தது. எனினும், ஐந்து ஆண்டுகளின் பின்னர் கணக்கெடுத்தபோது முதற்குழுவில் 32 பேரும் இரண்டாங் குழுவில் 35 பேரும் இறந்திருந்தனர். ஆரம்பத்திற் கிட்டிய வெற்றியின் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

நோயுற்ற நுரையீரலில் பல கோடிக் கிருமிகள் இருக்கும். அவற்றுள் ஓரிரண்டின் றைபோசோம் இயற்கையாகவே சிறிது மாறுபட்டிருக்கக்கூடும். மருந்து ஏனையவற்றை அழித்துவிட, எஞ்சிய அந்தச் சிலவே பெருகி நுரையீரலை நிரப்பிவிடுகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த யோர்கன் லேமன் கண்டறிந்த பாஸ் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது இந்த எதிர்ப்புச்சக்தி பெருமளவு தடுக்கப்பட்டது. ஒரு மருந்துக்குத் தப்பிய கிருமி மற்றைய மருந்துக்குப் பலியாகும் என்பதே இதன் அடிப்படை. 1952 இல் ஐசோனியசிட் வந்துசேர்ந்தது. மெழுகுப் படைக்குத் தேவையான மைக்கோலிக் அமிலம் உருவாவதையே அது தடுக்கின்றது. மருந்துகள் ஒன்றுசேர்ந்தபோதே காசநோய் உண்மையாகப் பின்வாங்கியது.

மருந்துகளுக்குப் பொருந்திய இவ்விதி மனிதர்களுக்கும் பொருந்தும் என்பதை வாக்ஸ்மன் உணரத் தவறினார். ஸ்ட்ரெப்டோமைசினைத் தயாரிக்கும் தனியுரிமையை மேர்க் நிறுவனம் கைவிடுவதற்கு அவர் வழிசெய்தமை பாராட்டுக்குரியதே. அதனால் பல நிறுவனங்கள் அம்மருந்தைத் தயாரிக்க முடிந்தது, விலையும் வீழ்ந்தது. உரிமம் ரட்கர்ஸின் ஆய்வு நிதியத்துக்குக் கையளிக்கப்பட்டது. வாக்ஸ்மன், ஷாட்ஸ் ஆகிய இருவரதும் பெயரில் 1948 இல் உரிமப்பத்திரம் வழங்கப்பட்டது. எலிசபெத் புகியின் பெயர் அதில் இடம்பெறவில்லை.

இருவருமே இதனால் பெரும் இலாபம் அடையப்போவதில்லை என்றே ஷாட்ஸ் நம்பியிருந்தார். ஆயினும், உரிமப்பணத்தில் ஐந்திலொரு பங்கு வாக்ஸ்மனுக்குச் சென்றுகொண்டிருந்தது. செய்திகளிலும் விழாக்களிலும் ஷாட்ஸின் பெயர் படிப்படியாக மறைந்தது. 1950 மார்ச்சில் மாணவர் தமது ஆசிரியருக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். அமெரிக்க விஞ்ஞான உலகம் அதிர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. ஷாட்ஸ் இணைக் கண்டுபிடிப்பாளர் என ஏற்றுக்கொள்ளப்பட்டு உரிமப்பணத்தில் 3 சதவீதத்தைப் பெற்றார். வாக்ஸ்மனின் பங்கு 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மேலும் 7 சதவீதம் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஏனையோருக்குப் பகிரப்பட்டது.

இவ்வாறிருந்தும், 1952 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. ஷாட்ஸின் முறையீடுகள் பலனளிக்கவில்லை. 1954 இல் வெளியான வாக்ஸ்மனின் சுயசரிதையில் அம்மாணவரின் பெயர்கூடக் குறிப்பிடப்படவில்லை. ஆசிரியருக்கு எதிராக நீதிமன்றம் சென்றவர் என்ற பெயர் ஷாட்ஸை நெடுங்காலம் தொடர்ந்தது. தலைசிறந்த ஆய்வுகூடங்களின் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை.

வாக்ஸ்மனின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. மண் நுண்ணுயிர்களை அவர் ஆராயத் தொடங்கியபோது ஷாட்ஸ் பிறந்திருக்கவேயில்லை. தேடலுக்கான திட்டத்தையும் முறையையும் வகுத்தவரும், மேயோ நிலையத்தோடும் மருந்து நிறுவனத்தோடும் தொடர்பை ஏற்படுத்தியவரும் அவரே. தமது வருமானத்தில் பாதியை நுண்ணுயிரியல் ஆய்வுக்கான மன்றமொன்றுக்கு அவர் வழங்கினார். உரிமப்பணத்தைக் கொண்டு அமைக்கப்பட்ட நுண்ணுயிரியல் நிறுவகம் 1954 இல் திறக்கப்பட்டு, இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1949 இல் வெளிவந்த நியோமைசினும் அவரது ஆய்வுகூடத்தின் கொடையே. இத்தகைய ஒருவர், தமது மாணவருக்குரிய இடத்தை மனமுவந்து வழங்கியிருந்தாலும் அவரது புகழில் எதுவும் குறைந்திருக்காது.

வாக்ஸ்மன் 1973 ஓகஸ்ட் 16 ஆம் திகதி மசாசூசெட்ஸ் மாநிலத்தில் காலமானார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டு ஐம்பது ஆண்டுகள் கடந்தபின், 1994 இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தனது உயரிய பதக்கத்தை ஷாட்ஸுக்கு வழங்கிக் கௌரவித்தது. நீதி காலந்தாழ்த்தியே வந்தாலும், 2005 இல் மறைந்த அம்முதியவர் அதனைத் தம் வாழ்நாளிலேயே காணக்கூடியதாயிருந்தது.

கூட்டு மருந்துச் சிகிச்சையின் பயனை ஏழைகளின் வாசலுக்குக் கொண்டுவந்ததில் சென்னைக்கும் பங்குண்டு. அங்கு 1956 இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தின் ஆய்வு, ஐசோனியசிட்டையும் பாஸையும் வீட்டிலிருந்தவாறே ஒழுங்காக உட்கொள்ளும் வறிய நோயாளியும் சனிட்டோரியத்தில் தங்கியவரைப் போன்றே குணமடைகின்றார் என்பதை 1959 இல் நிரூபித்தது. நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்துவைத்த வழக்கம் உலகெங்கும் மாறுவதற்கு இது வழிகோலியது.

இன்று காசநோய்க்கான முதல்வரிசை மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின் இல்லை. சாதாரண காசநோய்க்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் ஆகிய நான்கும் முதல் இரு மாதங்களுக்கும், முதலிரண்டும் அடுத்த நான்கு மாதங்களுக்கும் வழங்கப்படுவதே பரவலான முறையாகும். இவற்றுக்குக் கட்டுப்படாத நோய்க்கு, 2012 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பெடாகுயிலின் பயன்படுகின்றது. அது கிருமியின் கலமென்சவ்வில் பதிந்துள்ள சக்தி இயந்திரத்தையே முடக்கிவிடுகின்றது. இத்தனை மருந்துகள் இருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2023 ஆம் ஆண்டில் 1 கோடியே 8 இலட்சம் பேர் காசநோய்க்கு ஆளாகினர், 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

இருமல் தணிந்ததும், உடல் தேறியதும் மருந்தை இடைநிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு நிறுத்தும்போது நுரையீரலில் எஞ்சுபவை எளிதில் மடியாத கிருமிகளே. அவை மீண்டும் பெருகி நோயாளியை மாத்திரமன்றி, அவர்தம் வீட்டாரையும் அயலாரையும் தொற்றக்கூடும். இலங்கையில் அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இம்மருந்துகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்பவர் வெட்கமோ அச்சமோ இன்றி அங்கு செல்லவேண்டும். நோயென உறுதியானால் வைத்தியர் குறிப்பிடும் இறுதி நாள்வரை மருந்தைத் தொடரவேண்டும்.

மருந்து வந்துசேராமையால் தங்கையை இழந்த சிறுவன், வளர்ந்து உலகுக்கு மருந்தளித்தான். மருந்து நமது ஊர்வரை வந்துசேர்ந்திருக்கும் இக்காலத்தில், அதனை முழுமையாகப் பயன்படுத்தாது ஓர் உயிரையேனும் இழப்போமாயின், அதற்கு வாக்ஸ்மனின் மீதோ கிருமியின் மீதோ நாம் குறைகூற முடியாது.